ஐஸ் கம்பெனிச் சுவரும் ஜலால் சாரும்

ஜலால் சார் போய்விட்ட செய்தி வந்தபோது நான் பரமக்குடியில் ஒரு ஜவுளிக்கடையில் உட்கார்ந்திருந்தேன். தங்கை மகளுக்கு நிச்சயம் வைத்திருந்தார்கள். கடைக்காரர் ஒவ்வொரு சேலையாகப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். சாரின் மனைவி ரஹ்மத்தின் எண்ணிலிருந்து போன் வந்தது. "டீச்சர், அவுக மவுத்தாயிட்டாக" என்றாள். அதற்குமேல் அவளால் பேச முடியவில்லை. கடைக்காரர் மாம்பழ நிறத்தில் ஒரு சேலையை விரித்துப் பிடித்து, "இதுல முந்தி எடுப்பா இருக்கும் பாருங்கம்மா" என்றார். தலையாட்டினேன். எந்தச் சேலையை எடுத்தேன் என்பதே வீட்டுக்கு வந்து பையைப் பிரித்த பிறகுதான் தெரிந்தது.

ராமநாதபுரம் போகிற பஸ் அன்றைக்கென்று ஊர் ஊராக நின்றது. நான் போய்ச் சேர்ந்தபோது வீட்டு வாசலில் பெண்களின் செருப்புகள் மட்டும் கிடந்தன. அசர் தொழுகைக்கு முன்பே பள்ளிவாசலுக்குத் தூக்கிப் போய்விட்டார்கள். "இப்பத்தான் டீச்சர், இப்பத்தான்" என்று ரஹ்மத் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அடக்கம் செய்கிற மையவாடிக்குப் பெண்கள் போவதில்லை. இருவரும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தோம். அவர் முகத்தைக் கடைசியாக ஒருமுறை பார்க்க எனக்கு வாய்க்கவில்லை.

அவரிடம் படம் வரையக் கற்றவர்கள் இந்த மாவட்டத்தில் எத்தனையோ பேர் இருக்கிறீர்கள். காரங்காட்டில் படகில் ஏறி அலையாத்திக் காட்டைப் பார்க்கப் போகிற வழியில், கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் ஒரு பழைய ஐஸ் கம்பெனிச் சுவரில் வரிசையாகச் சிப்பாய்கள் நிற்பதைக் கண்டு வண்டியை நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டவர்கள் அதைவிட அதிகம். அந்தச் சிப்பாய்களை வரைந்தவர்தான் ஜலால் சார். உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். அந்தச் சுவரும் இப்போது இல்லை.

அவரும் நானும் ஒரே பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தோம். நான் கணக்கு. அவர் ராணுவத்தில் பதினேழு வருடம் இருந்துவிட்டு, அங்கிருக்கும்போதே ஓவியப் பரீட்சை எழுதித் தேறி, டிராயிங் மாஸ்டராக வந்தவர். வந்த முதல் வாரம் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் அவரைச் சுற்றிக்கொண்டு, "சார், நீங்க எத்தனை பேரைச் சுட்டீங்க?" என்று கேட்டார்கள். பக்கத்து வகுப்பில் நின்று நானும் காதைத் தீட்டிக்கொண்டேன். "எனக்குக் குடுத்த டப்பாவுல மஞ்சப் பெயிண்டுதாம்ப்பா இருந்துச்சு" என்றார். மலைப்பாதைகளில் 'வளைவு, மெதுவாகச் செல்' என்று பலகை எழுதுவதும் கிலோமீட்டர் கல்லுக்கு வண்ணம் அடிப்பதும்தான் அவருக்குப் பாதிக் காலம் வேலையாக இருந்தது. பிள்ளைகளுக்கு ஒரே ஏமாற்றம். ஒருவன் மட்டும் விடாமல், "அப்ப உங்களால எத்தனை பேர் பொழச்சாங்க சார்?" என்றான். "அதை யாரு எண்ணுறா" என்று சொல்லிவிட்டுச் சார் சாக்பீஸை எடுத்தார்.

ஓய்வு பெற்ற பிறகுதான் சுவர் வேலை தொடங்கியது. சுற்று வட்டாரத்து முன்னாள் ராணுவத்தினர் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். நம் பக்கத்திலிருந்து போன சிப்பாய்களைச் சாலையில் போகிறவர்கள் பார்க்கும்படி வரைய வேண்டும் என்று கேட்டார்கள். ஐஸ் கம்பெனி மூடிக் கிடந்தது. அதன் நீளமான சுற்றுச்சுவர் சும்மா நின்றது. உரிமையாளர் சம்மதித்தார். சண்டையில் இறந்தவர்களை வரைவதாகத்தான் முதலில் பேச்சு. சார் ஒத்துக்கொள்ளவில்லை. "செத்தவனுக்காவது வருசத்துக்கு ஒருக்க மாலை போடுறாக. திரும்பி வந்தவனை எவன் நெனைக்கிறான்? ரெண்டு பேரையும் சேத்தே வரையுறேன்" என்றார். அப்படித்தான் அந்தச் சுவரில் குண்டடி பட்டவர் பக்கத்தில் லாரி ஓட்டியவரும், அவர் பக்கத்தில் முடி வெட்டியவரும் நின்றார்கள்.

தொண்டியில் என் தங்கை வீடு இருக்கிறது. சனிக்கிழமைகளில் அங்கே போகும்போதெல்லாம் பாதியில் இறங்கி அவர் வேலையைப் பார்ப்பேன். எதிரே ஒரு டீக்கடை. அதன் பெஞ்சில் உட்கார்ந்தால் சுவர் முழுவதும் தெரியும். அங்கே உட்கார்ந்துதான் ஆரோக்கியம் அண்ணன் சண்டையையும் பார்த்தேன்.

ஆரோக்கியம் காரங்காட்டுக்காரர். ராணுவ லங்கரில், அதாவது சமையல் கூடத்தில், இருபது வருடம் சோறு போட்டவர். சார் அவரைச் சீருடையோடு, கையில் பெரிய கரண்டியோடு வரைந்திருந்தார். துபாயிலிருந்து லீவில் வந்திருந்த அவர் மகனுக்கு அதைப் பார்த்ததும் முகம் கருத்துவிட்டது.

"என்ன சார் இது? ஊர்ல எல்லாருக்கும் துப்பாக்கி, எங்கப்பாவுக்கு மட்டும் கரண்டியா?"

"உங்கப்பா கையில என்ன இருந்துச்சோ அதைத்தானப்பா வரைய முடியும்?"

"தங்கச்சியப் பொண்ணு பாக்க வாரவுக இந்த வழியாத்தான் வருவாக. ஒரு துப்பாக்கி வச்சிட்டா உங்களுக்கு என்ன கொறையுது?"

பேச்சு ஏறிக்கொண்டே போனது. ஆரோக்கியம் அண்ணன் டீயைக் குடித்து முடித்துவிட்டு, மெதுவாகச் சாலையைக் கடந்து போனார். "ஏலே, துப்பாக்கிய மாட்டிக்கிட்டு வெயில்ல நிக்க என்னால ஏலாது. முதுகு வலிக்கும். கரண்டியே இருக்கட்டும்" என்றார். டீக்கடையே சிரித்தது. மகனுக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. அடுத்த வருடம் ஆரோக்கியம் அண்ணன் இறந்தபோது, அதே மகன் வந்து அந்தக் கரண்டிக்கு மட்டும் புதிதாக வெள்ளி வண்ணம் அடிக்கச் சொன்னான்.

பஞ்சவர்ணம் அக்கா வந்தது அதற்குப் பிறகு. உள்ளே ஒரு கண்மாய்க்கரைக் கிராமத்துக்காரர். எழுபதைத் தாண்டிய வயது. மடியில் துணி சுற்றிய ஒரு கண்ணாடிச் சட்டத்தோடு பஸ்ஸிலிருந்து இறங்கினார். சார் அதைப் பிரித்தார். சீருடை போட்ட ஒரு வாலிபரின் படம். சட்டைக் காலர் இருந்தது, பித்தளைப் பொத்தான்கள் இருந்தன, தொப்பியின் ஓரம் இருந்தது. காலருக்கும் தொப்பிக்கும் நடுவில் ஒன்றும் இல்லை. மழையில் மண் சுவர் இடிந்தபோது படம் தண்ணீருக்குள் கிடந்து முகம் மட்டும் கரைந்துபோயிருந்தது.

"எழுபத்தொண்ணு சண்டையில போயிட்டாக தம்பி. எங்க வீட்டுக்காரக. இங்கன அவுகளையும் நிப்பாட்டணும்" என்றார்.

பெயர் என்ன என்று சார் கேட்டார். அக்கா சொல்லவில்லை. புருஷன் பெயரைச் சொல்லாத தலைமுறை. என் பக்கம் திரும்பி, "முருகன் கையில இருக்குமே" என்றார். "வேலு?" என்றேன். "சாமியையும் சேத்துக்கங்க" என்றார்.

கல்யாணமாகி மூன்று மாதம் சேர்ந்து இருந்திருக்கிறார்கள். லீவு முடிந்து போனவர் திரும்பவில்லை. சொந்தக்காரர்களிடம் வேறு படம் கிடையாது. சங்கத்தார் ராணுவ அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டார்கள், அங்கேயும் கிடைக்கவில்லை. அதனால் அக்கா சொல்லச் சொல்ல வரைவது என்று முடிவானது. சனிக்கிழமை வரும். அக்கா டீக்கடை பெஞ்சில் உட்காருவார். சார் சுவரில் கரியால் கோடு இழுப்பார்.

"நெத்தி இன்னும் ஏறியிருக்கும் தம்பி."

ஏற்றுவார்.

"மீசை இம்புட்டு இல்ல. அப்பத்தான் அரும்பியிருந்துச்சு."

குறைப்பார். வண்ணம் கொடுத்து முடித்துவிட்டு விலகி நிற்பார். அக்கா சாலையைக் கடந்து பக்கத்தில் வந்து பார்ப்பார். பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "இது அவுக இல்ல" என்பார். கோபமே இருக்காது. தொலைந்த ஆட்டைத் தேடி வந்தவர் வேறு ஆட்டைப் பார்த்துவிட்டுச் சொல்வதுபோல இருக்கும். திருப்பூரிலிருந்த கொழுந்தன் மகனின் படத்தை வரவழைத்து அதை வைத்தும் வரைந்தார். "இதுல எங்க மாமியா சாடைதான் இருக்கு" என்றார் அக்கா. சார் வெள்ளையடித்துவிட்டு மறுபடி தொடங்குவார். மழைக்காலம் போய் வெயில் காலமும் வந்துவிட்டது. ஒருநாள் நான் பொறுக்காமல், "ஏதாவது ஒரு முகத்தை வச்சிட்டு முடிங்க சார்" என்றேன். "மத்தவுகளுக்கு ஏதோ ஒரு முகம் போதும் டீச்சர். இந்தச் சுவர்ல அவரைத் தேடி வர்றது அந்தம்மா ஒருத்திதான்" என்றார்.

அடுத்து ஒரு சனிக்கிழமை அக்கா பெஞ்சில் உட்காரவில்லை. நேரே சாரிடம் போனார். வரைந்து பாதியில் நின்ற முகத்தைப் பார்த்தபடியே பேசினார்.

"தம்பி, இனி வரையாதீக. நான் வாராவாரம் வந்து பொய்யி சொல்லிக்கிட்டிருக்கேன். எனக்கு அவுக முகம் ஞாபகத்துல இல்ல. எந்த வருசம் போச்சுன்னும் தெரியல. நீங்க வரைஞ்சா திரும்ப வந்துரும்னு நெனச்சேன்."

சார் பிரஷைக் கீழே வைத்தார். சாலையில் மீன் வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. பிறகு அவர், "வேற என்னக்கா ஞாபகம் இருக்கு?" என்றார்.

"முதுகு" என்றார் அக்கா. "பெட்டியைத் தோள்ல வச்சுக்கிட்டு, கண்மாய்க்கரை மேல பஸ்ஸுக்கு நடந்து போனாக. நான் வேலிக்கிட்ட நின்னேன். திரும்பிப் பாப்பாகன்னு பாத்தேன். பாக்கல. பாத்தா அழுவேன்னு பாக்கல போல. அந்த முதுகு மட்டும் அப்படியே இருக்கு."

சார் முகத்தை அழித்தார். அன்றைக்கே தொடங்கி அடுத்த சனிக்கிழமைக்குள் முடித்துவிட்டார். கரைமேல் நடந்து போகிற ஒருவர். தோளில் டிரங்குப் பெட்டி, அதைப் பிடித்த கை. முதுகில் வேர்வை நனைத்த சட்டை. எல்லோரும் சாலையைப் பார்த்து நிற்கும் வரிசையில் அவர் மட்டும் அந்தப் பக்கம் பார்த்துப் போய்க்கொண்டிருந்தார். அக்கா வந்தார். சாலையைக் கடக்கும்போதே கண்டுகொண்டார் என்பது நடையில் தெரிந்தது. கிட்டே போய்ச் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு நின்றார். அன்று அவர் ஒன்றுமே சொல்லவில்லை. சாரும் கேட்கவில்லை.

பிரச்சினை சங்கத்திலிருந்து வந்தது. தலைவர் ஓய்வு பெற்ற சுபேதார். எழுபத்தொன்றில் அவரும் போனவர். நல்ல மனிதர். ஆனால் படத்தைப் பார்த்ததும் கொதித்துவிட்டார்.

"என்ன சார் பண்ணி வச்சிருக்கீக? நம்ம மண்ணுல முதுகு காட்டுறதுன்னா என்னன்னு உங்களுக்குத் தெரியாதா? சண்டையில செத்த பயல முதுகு காட்ட வச்சிருக்கீகளே! போறவன் வாரவன் என்ன நெனைப்பான்?"

சார் கத்தவில்லை. அவர் கத்தி நான் பார்த்ததே இல்லை. "சுபேதார் அய்யா, அவரு எதிரிக்கா முதுகு காட்டுறாரு? வீட்டுக்கு முதுகைக் காட்டாம எவன்யா சண்டைக்குப் போக முடியும்? நீங்க போகலையா? நான் போகலையா?" என்றார். சுபேதார் அதோடு விட்டுவிட்டார். ஆனால் சங்கக் கூட்டத்தில் மற்றவர்கள் விடவில்லை. முகம் வையுங்கள், இல்லையென்றால் எடுத்துவிடுங்கள் என்று முடிவு சொல்லி அனுப்பினார்கள். சார் கொஞ்சம் பொறுக்கச் சொன்னார்.

யாரோ பொறுக்கவில்லை. ஒருநாள் காலையில் பார்த்தால் அந்த உருவத்தின் மேல் மட்டும் சுண்ணாம்பு அடித்திருந்தது. யார் செய்தது என்று இன்றுவரை தெரியாது. அன்று சனிக்கிழமை. பஞ்சவர்ணம் அக்கா பஸ்ஸிலிருந்து இறங்குகிறார். நானும் சாரும் அந்த இடத்தை மறைத்துக்கொண்டு நிற்கிறோம். எவ்வளவு நேரம் மறைக்க முடியும்?

"மழையா தம்பி?" என்றார் அக்கா.

சித்திரை மாதம். வானத்தில் ஒரு பொட்டு மேகம் கிடையாது.

"ஆமாக்கா, மழை" என்றார் சார்.

அன்றே மறுபடி வரைய ஆரம்பித்தார். உச்சி வெயில். அக்கா போக மறுத்து அங்கேயே உட்கார்ந்திருந்தார். எதிர்ப்பக்கம் டீக்கடையில் சுபேதார் இருந்தார். பார்த்துக்கொண்டே இருந்தவர், ஒரு கட்டத்தில் குடையை விரித்துக்கொண்டு எழுந்து வந்தார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று நான் எழுந்துவிட்டேன். அவர் சுவரை உற்றுப் பார்த்தார். சார் டிரங்குப் பெட்டிக்குப் பச்சை கொடுத்துக்கொண்டிருந்தார்.

"பச்சை பின்னாலதான் வந்துச்சு" என்றார் சுபேதார். "எங்க காலத்துல கருப்புப் பெட்டி. கருப்புக் குடுங்க."

சார் கருப்பு கொடுத்தார். சுபேதார் அந்தக் குடையை அவர் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு நின்றார். அதற்குப் பிறகு அந்தப் படத்தின் மேல் யாரும் கைவைக்கவில்லை.

இத்தோடு நிறுத்த முடிந்தால் எனக்கு நிம்மதியாக இருக்கும்.

சாலையை அகலப்படுத்தப் போகிறார்கள் என்று பேச்சு வந்தது. பிறகு அளவெடுக்க ஆட்கள் வந்தார்கள். சிப்பாய்களின் மேல் வராதபடி, நடுவே இருந்த இடைவெளிகளில் பார்த்துத்தான் சிவப்பு அம்புக்குறி போட்டார்கள். அவர்களுக்கும் மனசு வரவில்லை. திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்கு எல்லோரும் போனோம். சுபேதார் பதக்கங்களைக் குத்திக்கொண்டு வந்தார். ஆரோக்கியம் அண்ணனின் மகள் வந்தாள். பஞ்சவர்ணம் அக்கா வந்தார். அதிகாரி எங்களை உட்கார வைத்துப் பேசினார். சுவர் நிற்கும் அந்தச் சாலை வளைவில் நடந்த விபத்துகளைப் பற்றிச் சொன்னார். அவர் சொன்ன எதையும் எங்களால் மறுக்க முடியவில்லை. "படங்களை நல்லா போட்டோ எடுத்து வச்சுக்குங்கம்மா, பெரிய பேனரா அடிச்சுக்கலாம்" என்றார். வெளியே வந்ததும் சார், "எல்லாரும் போட்டோ இருக்குல்லங்கிறாக. ஒரு முதுகைப் போட்டோவுல பாத்து அந்தக்கா என்ன செய்யும் டீச்சர்? அதுக்குக் கரை வேணும். நின்னு பாக்குற தூரம் வேணும்" என்றார். அதன்பிறகு அவர் யாரிடமும் மனு கொடுக்கவில்லை. வாரம் தவறாமல் போய் உப்புக் காற்றில் உரிந்த இடங்களுக்கு வண்ணம் கொடுத்தார். இடியப் போகிற சுவருக்கு எதற்குச் சார் என்று டீக்கடைக்காரர் கேட்டதற்கு, "இன்னைக்கு இடியலையே" என்றாராம்.

பக்கவாதம் வந்தது அப்போதுதான். வலது பக்கம் முழுதும் விழுந்துவிட்டது. பேச்சும் போனது. மதுரைக்குக் கொண்டுபோய் வைத்தியம் பார்த்துக் கூட்டி வந்த பிறகு ஒரே ஒரு சொல் மட்டும் திரும்பியிருந்தது. 'ஆமா.' தண்ணீர் வேண்டுமா என்றால் ஆமா. வேண்டாமா என்றாலும் ஆமா. அது போகப் போகச் சரியாகலாம் என்றார்கள். ரஹ்மத் என்னிடம், "பசிக்குதான்னாலும் ஆமாங்கிறாக, பசிக்கலையான்னாலும் ஆமாங்கிறாக. நான் எதைன்னு டீச்சர் எடுத்துக்கிறது?" என்று கேட்டாள். நான் போகும்போதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து பள்ளிக்கூடக் கதைகளைச் சொல்லுவேன். சிரிக்க வேண்டிய இடத்தில் அவர் கண் சிரிக்கும். எல்லாம் புரிந்தது அவருக்கு. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

சுவரை இடிக்கத் தொடங்கிவிட்டார்கள் என்று டீக்கடைக்காரர் போன் செய்தபோது நான் சார் வீட்டில் இருந்தேன். பக்கத்தில் இருந்த சாரின் காதில் அது விழுந்துவிட்டது. இடது கையால் கட்டிலைத் தட்டத் தொடங்கினார். ரஹ்மத் முதலில் மறுத்தாள். பிறகு அவளே வேன் பிடித்தாள். நாங்கள் போனபோது தென்பகுதி போய்விட்டிருந்தது. சிவப்புத் தூசி. செங்கல் குவியலில் ஆங்காங்கே ஒரு பூட்ஸ், ஒரு காது, ஒரு கரண்டியின் பிடி. சுபேதார் முன்பே அங்கே இருந்தார். பஞ்சவர்ணம் அக்காவை அவர்தான் அழைத்து வந்திருந்தார். வேலுச்சாமி நடந்து போகிற பகுதியை மட்டும் அப்படியே பெயர்த்துத் தர முடியுமா என்று ஜேசிபி ஓட்டுநரிடம் கேட்டிருந்தார்.

ஓட்டுநர் இளைஞர். வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி வந்தார். "பாக்குறேன்யா. என்னால முடிஞ்சதைச் செய்றேன்" என்றார். இரண்டு கொத்தனார்கள் சுற்றிலும் உளி வைத்துத் தட்டினார்கள். ஓட்டுநர் மண்வாரியை அடியில் கொடுத்து, குழந்தையைத் தூக்குவதுபோலத்தான் தூக்கினார். ஆனால் அது கடலோரச் சுவர். உள்ளே செங்கல் எல்லாம் உப்பு அரித்துப் பொடியாகியிருந்தது. ஒரு சாண் எழும்பியதும் நடுவில் விரிசல் விட்டு, மொத்தமும் உதிர்ந்து விழுந்தது. யாரையும் குறை சொல்ல வழியில்லை. ஓட்டுநர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

அக்கா குவியலுக்குள் குனிந்து தேடினார். உள்ளங்கை அகலத்தில் ஒரு காரைத் துண்டு கிடைத்தது. முழுக்கக் கருப்பு. அதைத் தூக்கிக்கொண்டு வேனுக்கு வந்தார். சார் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார்.

"தம்பி, இது பெட்டியா, தலைமுடியா?"

"ஆமா" என்றார் சார்.

அக்கா துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "ஒடம்பு நல்லானதும் மறுபடி வரைவீகளா தம்பி?" என்று கேட்டார்.

"ஆமா" என்றார். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. துடைக்க இடது கையைத் தூக்கினார். அது பாதிவரைதான் வந்தது. ரஹ்மத் துடைத்துவிட்டாள். அக்காவுக்கு அந்த ஒரு சொல் போதுமானதாக இருந்தது. முகம் தெளிந்து, "அப்ப சரி. நான் வாரேன்" என்று சொல்லிவிட்டுப் பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்தார். நானும் ரஹ்மத்தும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

அதன்பிறகு சார் அதிக நாள் இருக்கவில்லை.

மூன்றாம் நாள் ஃபாத்திஹா ஓதும்போது நான் போயிருந்தேன்; பஞ்சவர்ணம் அக்கா வந்தார். யாரோ சொல்லித் தகவல் போயிருக்கிறது. ரஹ்மத்தின் எதிரே தரையில் உட்கார்ந்தார். "வரையுறேன்னு சொன்னாரும்மா" என்றார் அக்கா. புகார் சொல்லும் குரலாக அது இல்லை. "வரையணும்னுதான் இருந்திருப்பாரு." ரஹ்மத் அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். நான் டீ போட உள்ளே போனேன். எனக்குச் செய்ய வேறு என்ன இருந்தது?

அவரைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். வேலை முடிந்து பிரஷைக் கழுவிய பிறகு அவர் உடனே கிளம்ப மாட்டார். சுவரின் தெற்கு ஓரத்துக்குப் போய், அங்கிருந்து வடக்கே நடப்பார். ஒவ்வொரு படத்தின் முன்பும் ஒரு கணம் நின்று பெயரையும் ஊரையும் வாய்விட்டுச் சொல்வார். ராணுவத்தில் மாலையில் ஆள் எண்ணுவதுபோல. முடித்துவிட்டு, "எல்லாரும் இருக்காக டீச்சர், போவோம்" என்பார். கூடவே நடந்து நடந்து எனக்கும் அது மனப்பாடமாகிவிட்டது. சீனி இபுராகிம், தேவிபட்டினம். முனியசாமி, உப்பூர். ஆரோக்கியம், காரங்காடு. இப்படியே கடைசிவரை.

அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்த வரிசை ஒன்றுதான். தொண்டி பஸ்ஸில் போகும்போது அந்த இடம் வந்ததும் சொல்லத் தொடங்கிவிடுகிறேன். சாலை இப்போது நேராக, அகலமாக இருக்கிறது. பஸ் வேகமாகப் போகிறது. பாதிப் பெயர்கூட முடிவதற்குள் இடம் போய்விடுகிறது. மீதியைக் காரங்காடு விலக்கு தாண்டி, இறால் பண்ணைகளைப் பார்த்துச் சொல்லி முடிக்கிறேன். பக்கத்தில் இருப்பவர்கள் ஏதோ சாமி பாட்டு சொல்கிறேன் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அவர் தன்னை அந்தச் சுவரில் வரைந்துகொண்டதே இல்லை. அதனால் அந்த வரிசையில் ஜலாலுதீன், ராமநாதபுரம் என்று ஒரு பெயர் கிடையாது. யாருக்குப் பிறகு அதைச் சேர்ப்பது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.